லட்சத்தில் பத்துப் பேர் என்றால் எந்த லட்சம்? பெஹ்செட் நோயின் எண்ணிக்கையும் செலவும்

கேள்வி (வாசகர் ஒருவர், ஜனவரி 9)

பெஹ்செட் நோய் லட்சத்தில் பத்துப் பேருக்குக்கூட வருவதில்லை என்று படித்தேன். ஓர் ஆளுக்கு எவ்வளவு செலவானாலும் மொத்தத்தில் அது சில்லறைதானே? சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்குமே பணம் போதாதபோது இதையெல்லாம் உட்கார்ந்து எண்ணுவது வெட்டி வேலை இல்லையா?

ஜனவரி 9, இரவு

எந்த லட்சத்தில் பத்து? முதலில் அதைச் சொல்லுங்கள்.

இஸ்தான்புல்லில் 12 வயதுக்கு மேற்பட்ட 23,986 பேரை நேரில் பார்த்து எண்ணினார்கள். 101 பேருக்கு இருந்தது. 2003-இல் வெளியான கணக்கு. லட்சத்துக்கு 421. ஜப்பானில் 1991-இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் லட்சத்துக்கு 13 சொச்சம். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஓல்ம்ஸ்டெட் என்ற மாவட்டத்தில் 5.2. நோய் ஒன்றுதான். இடத்துக்கு இடம் எண்பது மடங்கு வித்தியாசம்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்தாயிரம் பேரில் 5 பேருக்கு மிகாமல் இருந்தால் அது அரிய நோய். அதாவது லட்சத்துக்கு 50. அமெரிக்காவில் நாடு முழுவதிலும் 2 லட்சம் பேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். மக்கள் தொகையால் வகுத்தால் லட்சத்துக்கு 60 அளவில் வரும். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு இஸ்தான்புல் போனால் பெஹ்செட் அரிய நோயே இல்லை.

எனக்கு இந்த நோய் இருக்கிறது. காப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு நோய்க் குறியீடு போடும் வேலையையும் எட்டு வருடம் பார்த்தேன். எண்ணியவனும் நான்தான், எண்ணப்பட்டவனும் நான்தான். கொஞ்சம் சூடாகத்தான் எழுதுவேன்.

ஜனவரி 10

"என்ன நோய் என்றே சொல்லாமல் சண்டையை ஆரம்பித்துவிட்டாயே" என்று தனிமடலில் ஒருவர். சரி.

ரத்தக் குழாய்களில் அழற்சி. பெரிய குழாய், சிறிய குழாய், தமனி, சிரை எதையும் விடாது. வாயில் திரும்பத் திரும்பப் புண், பிறப்புறுப்பில் புண், கண்ணுக்குள் அழற்சி என்று மூன்றும் ஒரே ஆளுக்கு வருவதை இஸ்தான்புல்லின் தோல் மருத்துவர் ஹுலுசி பெஹ்செட் 1937-இல் எழுதினார். அவருக்குச் சில வருடம் முன்பே கிரேக்கக் கண் மருத்துவர் அடமான்டியாடிஸும் எழுதியிருந்தார். அதனால் சிலர் இரண்டு பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். கால் சிரையில் ரத்தம் உறையலாம், மூட்டு வீங்கலாம், சிலருக்கு மூளை வரை போகும். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் ஆரம்பிக்கும். இளம் ஆண்களை அதிகம் படுத்தும். உறுதியாக இதுதான் என்று காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. எண்ணிக்கையில் வரும் தகராறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

'பரவல் வீதம்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இன்றைய தேதியில் எத்தனை பேர் இந்த நோயோடு இருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். இது தொற்றாது. நான் இந்தச் சொல்லை ஒரு சொந்தக்காரரிடம் சொல்லப் போய், அடுத்த தடவை எனக்குத் தனி டம்ளர் வந்தது.

ஜனவரி 12

எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்பதற்கு என் கதையே போதும்.

19 வயதில் வாய்ப்புண். போனால் அடுத்தது வரும். பல் மருத்துவர், தூக்கம் போதவில்லை என்று வைட்டமின் கொடுத்தார். 23 வயதில் முழங்காலுக்குக் கீழே சிவந்த, தொட்டால் உயிர் போகும் கட்டிகள். தோல் மருத்துவர் களிம்பு கொடுத்தார். 26 வயதில் ஒரு நாள் காலை இடது கண் சிவந்து, பார்வை புகை மூட்டமாகிவிட்டது. கண் மருத்துவர் சொட்டு மருந்து கொடுத்தார். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கட்டடத்தில். நடுவில் சொல்லக் கூச்சப்படும் இடத்திலும் புண் வந்து போனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. கண்ணைக் காட்டப் போன இடத்தில் அதை எப்படி ஆரம்பிப்பது?

நோய்களுக்கு உலகம் முழுக்கப் போடும் குறியீட்டுப் பட்டியல் ஐசிடி-10. அதில் திரும்ப வரும் வாய்ப்புண் கே12.0. அந்தக் கால் கட்டிகள் எல்52. கண்ணின் முன்பகுதி அழற்சி ஹெச்20. பெஹ்செட் நோய் எம்35.2. குறியீடு போடும் வேலைக்கு வந்த பிறகுதான் உறைத்தது: ஏழு வருடம் பதிவேட்டில் நான் மூன்று வெவ்வேறு ஆளாக இருந்திருக்கிறேன். நாலாவது ஆள், நிஜ ஆள், 26 முடியும்போதுதான் பிறந்தான். அந்த ஏழு வருடத்தில் ஆன செலவில் ஒரு காசுகூட பெஹ்செட் கணக்கில் ஏறவில்லை. வாய்ப்புண்ணுக்கு எவ்வளவு செலவு என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால் என் பங்கும் அதில்தான் இருக்கிறது.

கண்டுபிடித்தவர் ஒரு வாத நோய் மருத்துவர். முன்கையில் ஊசியால் குத்திவிட்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். குத்திய இடத்தில் சின்னதாகச் சீழ்ப்பரு எழும்பியிருந்தது. இந்த நோய் உள்ள பலருக்கு ஊசி குத்திய இடத்தில் இப்படிப் பரு வரும். பரு வந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்ட மருத்துவரை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

ஜனவரி 13

நேற்று எழுதியதை மட்டும் படித்தால் எண்ணிக்கை எப்போதும் குறைவாகத்தான் வரும் என்று தோன்றும். அப்படி இல்லை. எகிறவும் செய்யும்.

சந்தேகத்துக்கு எம்35.2 என்று எழுதிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இல்லை என்று முடிவு வந்தாலும் குறியீடு கோப்பில் அப்படியே கிடக்கும். 10 லட்சம் பேர் இருக்கிறார்கள், அதில் 100 பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறியீடு போடுபவர் படு கவனமானவர், ஆயிரத்தில் ஓர் ஆளுக்குத்தான் தப்பாகப் போடுகிறார். அப்படியானால் தப்பாகச் சேர்ந்தவர்களும் 100 பேர். பட்டியலில் பாதிதான் நிஜம்.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

பெயரே ஒரு பிரச்சினை. பெஹ்செட், பெசெட், பேசெட், பெஹ்சட். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று கோப்பு இருந்தது. எண்ணிக்கையை உயர்த்துவதற்கு அது ஒரு வழி.

ஜனவரி 16

13-ஆம் தேதி போட்ட கணக்கு தப்பு. ஒருவர் பிடித்துவிட்டார், நன்றாகத் திட்டியும் விட்டார். ஆயிரத்தில் ஒன்று என்றால் 10 லட்சத்தில் 1,000. நான் லட்சத்துக்குப் போட்ட விடையை 10 லட்சத்துக்கு ஒட்டவைத்துவிட்டேன். எட்டு வருடம் இந்த வேலை பார்த்தவன் என்று வேறு சொல்லிக்கொண்டேன்.

சரியாகப் போட்டால் இன்னும் மோசம். நோயுள்ள 100 பேரில் 90 பேரைக் குறியீடு பிடித்துவிடுகிறது என்று வையுங்கள். நோயில்லாத 9,99,900 பேரில் சுமார் 1,000 பேர் தப்பாக உள்ளே வருகிறார்கள். பட்டியலில் 1,090 பேர், அதில் நிஜ நோயாளி 90. பன்னிரண்டு பேரில் ஒருவர்தான்.

இதே கவனக்குறைவைச் சர்க்கரை நோயில் வைத்துப் பாருங்கள். 10 லட்சத்தில் ஒரு லட்சம் பேருக்கு நோய். சரியாகப் பிடிபட்டவர் 90,000, தப்பாக வந்தவர் 900. யாருக்கும் உறுத்தாது. அதே குமாஸ்தா, அதே கை. நோய் அரிதானால் மட்டும் அவர் செய்யும் தப்பு நோயையே மூழ்கடித்துவிடுகிறது.

செலவுக் கணக்கையும் இது கெடுக்கும். அந்த 1,000 பேருக்குப் பெரிய செலவு எதுவும் இருக்காது. அவர்களையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் "ஆளுக்கு ஒன்றும் பெரிதாக ஆவதில்லை" என்று வரும்.

அதனால்தான் ஒரே குறியீடு இரண்டு வெவ்வேறு தேதியில் வந்திருக்க வேண்டும், அல்லது உரிய சிறப்பு மருத்துவர் போட்டிருக்க வேண்டும் என்று வடிகட்டுவார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அந்த வடிகட்டியில், நோய் அடங்கி வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் மருத்துவரைப் பார்ப்பவர் வெளியே விழுந்துவிடுவார். இன்றைய நான் விழுந்துவிடுவேன்.

ஜனவரி 19

நோயாளி யார் என்பதையே பேனா தீர்மானிக்கும் கதை.

1990-இல் ஒரு சர்வதேசக் குழு வகுத்த விதி: வருடத்தில் குறைந்தது மூன்று தடவை வாய்ப்புண் வந்திருக்க வேண்டும், அதோடு பிறப்புறுப்புப் புண், கண், தோல், ஊசிப் பரு ஆகிய நான்கில் இரண்டு இருக்க வேண்டும். 2014-இல் வெளியான இன்னொரு விதி மதிப்பெண் போடுகிறது. வாய்க்கு 2, பிறப்புறுப்புக்கு 2, கண்ணுக்கு 2, தோல், நரம்பு, ரத்தக் குழாய், ஊசிப் பரு தலா 1. நாலு வாங்கினால் பாஸ்.

வாயிலும் பிறப்புறுப்பிலும் மட்டும் புண் வரும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விதியில் அவர் நோயாளி இல்லை. புதிய விதியில் 2+2, நோயாளி. உடம்பில் எதுவும் மாறவில்லை. வாய்ப்புண்ணே வராமல் கண்ணும் தோலும் ரத்தக் குழாயும் கெட்டவரைப் பழைய விதி வாசலிலேயே நிறுத்திவிடும் என்பதும் உண்மைதான். புதிய விதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 1995-இன் எண்ணையும் 2018-இன் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஐயோ, நோய் கூடிவிட்டது" என்று யாராவது எழுதினால் முதலில் எந்த விதி என்று கேளுங்கள்.

துருக்கிக்குள்ளேயே பாருங்கள். 1981-இல் சிலிவ்ரியில் 4,960 பேரில் 4 பேர்: லட்சத்துக்கு 80. 1988-இல் வெளியான சமாஷ் கிராமப்புறக் கணக்கில் 5,131 பேரில் 19 பேர்: லட்சத்துக்கு 370. ஊருக்கு ஊர் நிஜமாகவே வித்தியாசம் இருக்கலாம். ஆனால் நாலே நாலு பேரை வைத்து எழுதிய எண் அது. அதில் ஒருவர் அன்றைக்கு வெளியூர் போயிருந்தால் 80 என்பது 60 ஆகியிருக்கும்.

ஜனவரி 20

இன்னொருவர் எழுதுகிறார்: "எங்கள் அலுவலகத்தில் 600 பேர். ஒருவருக்கும் கிடையாது. இதெல்லாம் பெரிதுபடுத்தல்."

600 பேரில் ஒருவர்கூட இல்லை என்றால் அதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. மூன்றை ஆள் எண்ணிக்கையால் வகுங்கள். 3/600, அதாவது லட்சத்துக்கு 500. உண்மை வீதம் அதற்குள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம், அவ்வளவுதான். இஸ்தான்புல்லின் 421-உம் அதற்குள் அடக்கம். உங்கள் அலுவலகத்தை வைத்து மின்னசோட்டாவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் வித்தியாசம்கூடச் சொல்ல முடியாது.

அப்புறம், அந்த 600 பேரிடமும் பிறப்புறுப்பில் புண் வருமா என்று கேட்டுவிட்டீர்களா?

ஜனவரி 27

குடிபெயர்ந்தவர்களுக்கு என்ன ஆகிறது என்று கேட்டிருந்தார்கள். எனக்குப் பிடித்த பகுதி இது.

பெர்லினில் எண்ணியபோது ஜெர்மானியரில் லட்சத்துக்கு ஒன்றரைப் பேர். அதே நகரத்தில் துருக்கி வம்சாவளியினரில் சுமார் 77. ஒரே காற்று, ஒரே தண்ணீர், ஒரே மருத்துவமனை. ஐம்பது மடங்கு வித்தியாசம். ஆனாலும் 77 என்பது இஸ்தான்புல்லின் 421-ஐவிட எவ்வளவோ கீழே. ரத்தம்தான் காரணம் என்பவர் முதல் ஒப்பீட்டைக் காட்டுவார், மண்தான் காரணம் என்பவர் இரண்டாவதைக் காட்டுவார். நான் மூன்றாவதாக ஒன்று சொல்கிறேன்: எண்ணிய விதம். இஸ்தான்புல்லில் மக்களிடம் போய்த் தேடினார்கள். மருத்துவமனைக் கோப்புகளை வைத்து எண்ணும்போது, மருத்துவமனைக்கு வராதவர் கணக்கிலேயே கிடையாது. கதவைத் தட்டினால் லேசான நோயாளியும் அகப்படுவார்.

பாரிஸை ஒட்டிய சென்-சான்-தெனி மாவட்டத்தில் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். குளத்தில் மீன் எண்ணும் உத்திதான். ஒரு வலை வீசிப் பிடித்த மீனுக்கு அடையாளம் போட்டு விட்டுவிட்டு, இன்னொரு தடவை வலை வீசி, அதில் அடையாள மீன் எத்தனை என்று பார்த்தால் குளத்தில் மொத்தம் எத்தனை என்று கணிக்கலாம். இங்கே வலை என்பது மருத்துவர்களின் பட்டியல், மருத்துவமனைப் பட்டியல், காப்பீட்டுப் பட்டியல். 2008-இல் வெளியான முடிவு: பெரியவர்களில் லட்சத்துக்கு 7.1. ஐரோப்பிய வம்சாவளியில் 2.4, ஆசிய வம்சாவளியில் 17.5, வட ஆப்பிரிக்க வம்சாவளியில் 34.6. அந்த மாவட்டத்துக்கு "7.1" என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் அந்த எண்ணுக்கு உரிய ஆள் அங்கே யாரும் இல்லை.

ஹெச்எல்ஏ-பி51 என்ற மரபணு வகை இருப்பவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய ஆறு மடங்கு. உடனே ஓடிப்போய்ப் பரிசோதனை செய்யாதீர்கள். அது இருக்கும் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருவதில்லை. அரிதான ஒன்றின் ஆறு மடங்கும் அரிதுதான். எனக்கு அது இல்லை, நோய் மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 2

செலவுக்கு வருகிறேன். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டதற்குக் காரணம், இதில் எனக்குக் கோபம் வரும்.

விளக்கத்துக்காக நானே இட்டுக்கட்டிய எண்கள் இவை, எங்கும் எடுத்துப் போடாதீர்கள். 100 நோயாளிகள். 80 பேருக்கு வாயும் தோலும்தான் தொல்லை, மாத்திரையோடு போகிறது: ஆளுக்குச் செலவு 1 பங்கு. 15 பேருக்குக் கண், மூட்டு: ஆளுக்கு 5 பங்கு. 5 பேருக்குக் கண் பறிபோகும் நிலை அல்லது மூளை, பெரிய ரத்தக் குழாய். ஊசி மருந்து, படுக்கை: ஆளுக்கு 60 பங்கு. கூட்டினால் 80, 75, 300. மொத்தம் 455. சராசரி நாலரைப் பங்கு. அந்த நாலரையைச் செலவு செய்பவர் ஒருவர்கூட அந்த நூறில் இல்லை. நடுவில் நிற்பவர் 1 பங்குக்காரர். ஐந்து பேர் மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்கிறார்கள்.

இப்போது திட்டம் போடுபவரின் நாற்காலியில் உட்காருங்கள். உங்கள் பொறுப்பில் இருப்பது ஒரு சின்ன மாவட்டம், அதில் இருப்பதே 20 நோயாளிகள். அந்த 60 பங்குக்காரர் இந்த வருடம் ஒருவர் இருக்கலாம், மூவர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். சர்க்கரை நோய்க்குப் போன வருடத்தை வைத்து அடுத்த வருடத்துக்கு ஒதுக்கலாம். இதற்கு முடியாது. அரிய நோயின் செலவில் தொந்தரவு தொகையைவிட அதன் ஆட்டம்தான். சின்னச் சின்னக் குளங்களாக வைத்துக்கொள்ளாமல் எல்லாரையும் ஒரே குளத்தில் சேர்த்தால் ஆட்டம் அடங்கும். இதற்கு யாரும் கூடுதலாக ஒரு காசு போட வேண்டியதில்லை.

பிப்ரவரி 3

என் சொந்த நோட்டுப் புத்தகம். ஆறு வருடம் எழுதினேன்.

முதல் ஐந்து வருடம் மருந்துச் செலவு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எங்கே போனது? போக்குவரத்து, சம்பளமில்லா விடுப்பு, ஒவ்வொரு மருத்துவரும் முதலில் இருந்து எழுதிக் கொடுத்த அதே ரத்தப் பரிசோதனை. கண் மறுபடி கெட்டு, அழற்சியை அடக்கும் அடாலிமுமாப் என்ற விலை கூடிய ஊசி தொடங்கிய ஆறாவது வருடம் முந்தைய ஐந்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. ஐந்தாம் வருடம் முடிந்ததும் என்னிடம் கேட்டிருந்தால் "மருந்து ஒன்றுமே இல்லை, அலைச்சல்தான் செலவு" என்று சத்தியம் செய்திருப்பேன்.

அக்காவுக்குத் தனிப் பத்தி. கண் மங்கிய நாட்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போனது அவள்தான். நோட்டுப்படி ஆறு வருடத்தில் 31 நாள் விடுப்பு. அதில் எதுவும் எந்த ஆய்விலும் என் நோயின் செலவாக ஏறியிருக்காது. அவள் அலுவலகக் கோப்பில் 'சொந்தக் காரணம்' என்று இருக்கும்.

பிப்ரவரி 8

வேலை இழப்பை எப்படிக் காசாக்குவது என்பதில் இரண்டு கட்சி.

முதல் கட்சி சொல்வது: 28 வயதில் ஒருவர் வேலையை விட்டால், ஓய்வு வயது வரை அவர் சம்பாதித்திருக்கக்கூடியது எல்லாம் நஷ்டம். முப்பது வருடச் சம்பளம். இரண்டாம் கட்சி: அவர் இடத்துக்கு வேறொருவர் வந்து வேலையைப் பழகிக்கொள்ளச் சில மாதம் ஆகும், அந்தச் சில மாதம்தான் நஷ்டம், அதற்குப் பிறகு சமூகத்துக்கு ஒன்றும் குறையவில்லை. ஒரே ஆள், ஒரே கண். ஒரு கணக்கில் முப்பது வருடம், மறு கணக்கில் மூன்று மாதம். எந்த ஆய்வு எந்தக் கட்சி என்று பார்க்காமல் செலவுத் தொகையை மட்டும் மேற்கோள் காட்டுபவரோடு நான் பேசுவதில்லை.

இரண்டாவது கணக்கைக் கண்டுபிடித்தவர் தன் நாற்காலியில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 9

நேற்றைய கடைசி வரி அநியாயம். அழிக்காமல் விடுகிறேன், ஆனால் பின்வாங்குகிறேன். அவர்கள் கேட்கும் கேள்வி வேறு: நாட்டின் உற்பத்தியில் எவ்வளவு குறைந்தது? அதற்கு அந்த விடை சரியாகவே இருக்கலாம். என்னிடம் எவ்வளவு குறைந்தது என்று கேட்டால்தான் முதல் கணக்கு கிட்டத்தில் வரும். படித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கோ வீட்டு வேலை பார்ப்பவருக்கோ சம்பளமே இல்லாததால் இரண்டு கணக்கிலும் நஷ்டம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது. இருபதுகளில் தொடங்கும் நோய்க்கு இது சின்ன ஓட்டை இல்லை.

பிப்ரவரி 15

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோல்சிசின்.

80 பேருக்கு மாத்திரையோடு போகிறது என்றேனே, அதில் முக்கியமானது இது. வாதக்காய்ச்சலுக்கும் மூட்டுவலிக்கும் நூற்றாண்டுகளாகப் புழங்கும் பழைய சரக்கு. செங்காந்தள் கிழங்கில் இருக்கும் விஷமும் இதுதான். தயவுசெய்து யாரும் கிழங்கைத் தோண்டாதீர்கள், அளவு கொஞ்சம் மீறினாலும் ஆள் போய்விடுவார். பெஹ்செட்டில் கால் கட்டிகளுக்கும் மூட்டுக்கும் கேட்கும், குறிப்பாகப் பெண்களுக்கு.

அமெரிக்காவில் இந்த மாத்திரை முறையான அனுமதி இல்லாமலேயே வெகுகாலம் விற்றுக்கொண்டிருந்தது, ஒன்று சுமார் 9 சென்ட். 2009-இல் ஒரு நிறுவனம் முறைப்படி சோதனை நடத்தி அனுமதி வாங்கியது. தனி உரிமையும் கிடைத்தது. மாத்திரை 4.85 டாலர் ஆனது. ஐம்பது மடங்குக்கு மேல். நோயாளி எண்ணிக்கையிலோ நோயிலோ ஒரு மாற்றமும் இல்லை. ஆக "இந்த நோய்க்கு ஆளுக்கு இவ்வளவு செலவு" என்ற எண் நோயின் குணம் என்று நினைக்காதீர்கள். எந்த நாடு, எந்த வருடம் என்பது அதோடு ஒட்டியே வர வேண்டும். என் அடாலிமுமாப் ஊசிக்கும் அதே கதைதான், திசை மட்டும் எதிர். ஐரோப்பாவில் 2018 அக்டோபரில் போட்டி மருந்துகள் வந்து விலை சரிந்தது. அமெரிக்காவுக்கு அவை வர 2023 ஜனவரி ஆனது. இந்த இரண்டு தேதிக்கு நடுவே எடுத்த எந்தச் செலவு ஒப்பீடும் இரண்டு வேறு உலகங்களின் ஒப்பீடு.

பிப்ரவரி 15, இரவு

மேலே 'வாதக்காய்ச்சல்' என்று எழுதியது தப்பு. கவுட் என்ற யூரிக் அமில மூட்டுவலியைத்தான் சொல்ல வந்தேன். வாதக்காய்ச்சல் வேறு நோய்.

பிப்ரவரி 16

"மருத்துவம் முன்னேறினால் எண்ணிக்கை குறையுமா?" குறையாது, ஏறும். வருடத்துக்கு 2 லட்சத்தில் ஒருவருக்குப் புதிதாக வருகிறது, வந்தவர் 40 வருடம் அதோடு வாழ்கிறார் என்றால் எந்த நாளில் எண்ணினாலும் லட்சத்துக்கு 20 பேர் இருப்பார்கள். சிகிச்சை நன்றாகி 50 வருடம் வாழ்ந்தால் 25. செத்தவர்களை யாரும் பரவல் வீதத்தில் எண்ணுவதில்லை.

இந்த நோய்க்கு இன்னொரு குணம் உண்டு. முதல் சில வருடங்களில்தான் ஆட்டம் அதிகம். பலருக்கு வயதாக ஆகத் தணிந்துவிடும். கண் போவதென்றால் பெரும்பாலும் ஆரம்ப வருடங்களில்தான் போகும். எனவே இன்று ஒரு கூட்டத்தைப் பிடித்துச் "சராசரி வருடச் செலவு" என்று எடுத்தால் அடங்கிப்போன 55 வயதுக்காரர்கள் அந்த எண்ணை இறக்கிவிடுவார்கள். புதிதாகக் கண்டறியப்பட்ட 25 வயதுப் பையனுக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

பிப்ரவரி 22

ஜப்பான் பற்றி ஒரு குறிப்பு. 1972-இலேயே கடினமான நோய்கள் என்று ஒரு பட்டியல் போட்டு அரசு செலவை ஏற்றது. பெஹ்செட் முதல் பட்டியலிலேயே இருந்தது. சலுகை கிடைப்பதால் நோயாளிகள் தாங்களாகவே பதிவு செய்தார்கள், அதனால் நல்ல கணக்கும் கிடைத்தது. 2015-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து, லேசான நோயாளிகளுக்குப் பொதுவாகச் சலுகை இல்லை என்று ஆனதும் பட்டியலும் சுருங்கியது. அந்த வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஜப்பானில் பெஹ்செட் திடீரெனக் குணமாகிவிட்டது போலத் தெரியும்.

இப்போது முதல் கேள்விக்காரருக்கு. ஆறு வாரம் கழித்து ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் சொன்னதில் பாதி சரி. லட்சத்துக்கு 5 பேர் என்ற இடத்தில் மொத்தச் செலவு சர்க்கரை நோயின் பக்கத்தில்கூட வராது. முதல் நாள் அதைச் சொல்லாமல் இஸ்தான்புல்லைத் தூக்கி உங்கள் மேல் போட்டேன். ஆனால் 'சில்லறை' என்ற சொல்லை அரிய நோய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டே போனால் எங்கே நிற்பீர்கள்? ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. புற்றுநோய், தொற்று, நச்சு ஆகியவற்றால் வருபவற்றை விட்டுவிட்டே உலக மக்களில் 3.5 முதல் 5.9 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒன்று இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். 26 கோடிக்கும் 45 கோடிக்கும் நடுவே.

எண்ணுவது வெட்டி வேலையா என்ற மற்ற பாதிக்கு: என் ஏழு வருடத்தை எம்35.2 கணக்கில் யாராவது எழுதியிருந்தால், தாமதத்தின் விலை என்ன என்று ஒரு எண் இருந்திருக்கும். வாய்ப்புண்ணோடு வருபவரிடம் "வேறு எங்காவது புண் வருமா?" என்று கேட்கப் பல் மருத்துவருக்கு ஒரு பைசா ஆகாது. எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க எண் இல்லாததால் அந்த ஒரு பைசா ஆகாத கேள்வியையும் யாரும் சொல்லித்தருவதில்லை.

பிப்ரவரி 23

தனிமடலில் வாய்ப்புண் படங்கள் அனுப்பும் அனைவருக்கும்: நிறுத்துங்கள். பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வாய்ப்புண் அடிக்கடி வரும், அவர்களில் மிகச் சிலருக்கே இந்த நோய். 16-ஆம் தேதிக் கணக்கை மறுபடி படியுங்கள், நீங்கள் பெரும்பாலும் அதில் தப்பாக உள்ளே வந்த அந்த ஆயிரம் பேரைப் போன்றவர். கண் சிவந்து மங்கினால் மட்டும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். போகும்போது, கேட்காவிட்டாலும், மற்ற இடத்துப் புண்ணையும் சொல்லிவிடுங்கள்.

மார்ச் 1

அக்கா இந்த இழையைப் படித்துவிட்டாள். 31 நாள் இல்லையாம், 43. அரை நாள் விடுப்புகளை என்னிடம் சொல்லவே இல்லை; மதியத்துக்கு மேல் வேலை இல்லை என்று சொல்லித்தான் அப்போதெல்லாம் வந்திருக்கிறாள். நோட்டில் திருத்திவிட்டேன். பிப்ரவரி 3 குறிப்பில் பழைய எண் அப்படியே இருக்கட்டும்.